எந்த கிரீஸ் என்று கேட்டால் போதும்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. பக்கத்தில் நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருடைய கடை, வண்டி ஸ்பேர் பார்ட்ஸ். இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அவர் அங்கே வாயைத் திறந்தால் இங்கே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருப்பவள் திரும்பிப் பார்ப்பாள். அப்படி ஒரு குரல். அந்தச் சுவர் வழியாக நான் என்னென்னவோ கேட்டிருக்கிறேன். 'தெரியாது' என்று அவர் சொல்லி மட்டும் கேட்டதில்லை.

கிரீஸைப் பற்றிக் கேட்டால் கிரீஸைப் பற்றிச் சொல்வார். கரும்புக்கு எப்போது தண்ணீர் கட்ட வேண்டும் என்று கேட்டால் அதையும் சொல்வார். பல்வலிக்கு மருந்து, பெண்ணுக்கு எந்தப் படிப்பு, கோமுகி அணை எப்போது திறப்பார்கள், எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் வாயை வைத்து இவர் மட்டுமா, அந்த ரோட்டில் பாதிப் பேர் பிழைத்தோம். மீதிப் பாதி எப்படியோ தப்பித்தது.

ஒருநாள் ஒரு பெரியம்மா மூட்டையோடு வந்து, மணலூர்பேட்டை பஸ் எப்போது என்று கேட்டது. "இதோ, இப்ப வந்துரும், குந்து ஆயா" என்றார். அந்த வழியாக மணலூர்பேட்டை பஸ் போவதே இல்லை என்பது எனக்குத் தெரியும், அந்தத் தெருவில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். நான் வெளியே வந்து சொல்லுவதற்குள் பெரியம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் அண்ணன் முகம் ஒன்றும் மாறவில்லை. "ரூட்ட மாத்திட்டானுங்க போல, சொல்லவே மாட்டானுங்க" என்று பஸ்காரனைத் திட்டினார். பிறகு இட்லி வாங்கிக் கொடுத்து, கடையைப் பாதி சாத்தி, தன் சைக்கிளிலேயே ஏற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தார். பெரியம்மா போகும்போது அவரை வாயார வாழ்த்தியது. தப்பாகச் சொல்லி வாழ்த்து வாங்குகிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. என் தையல் மெஷின் ஒருதரம் கடகடவென்று சத்தம் போட்டது. "மெசின் ஆயிலு தண்ணி மாரி, நிக்காது தங்கச்சி. இன்னா கிரீஸ் வெக்கணும்னு என்ன கேளு" என்றார். நான் கேட்கவில்லை. சாப்பிடப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், நான் கேட்காமலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் முகூர்த்தத்துக்கு வேண்டிய பட்டு ஜாக்கெட்டில் முதுகுப்பக்கம் கன்னங்கரேலென்று ஒரு கறை. எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சுவர் இடிந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு இன்னாண்ணே தெரியும் தையல் மெசினப் பத்தி?" என்று கேட்டேன்.

"பவுடரு போட்டுத் தேய். பூடும்" என்றார், ஏதோ அவர் வீட்டில் தினமும் பட்டு ஜாக்கெட் துவைப்பது போல.

பவுடர் போட்டதில் பாதி போனது. மீதிப் பாதியின் மேல் ஜரிகை நூலில் ஒரு மாங்காய் போட்டு மறைத்தேன். அந்த மாங்காயைப் பார்த்துவிட்டு நான்கு பேர் அதே மாதிரி வேண்டும் என்று வந்தார்கள். அது தன்னுடைய யோசனை என்று அண்ணன் ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிரீஸ் விஷயத்தில் அவர் வெறும் வாய்ச்சவடால் இல்லை. கடை வாசலில் வாளி வாளியாகத் திறந்து வைத்திருப்பார்: மஞ்சள், நீலம், கறுப்பு, சிவப்பு. மரக்கரண்டியால் வழித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு எடைக்குக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன் துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாகப் பிரிப்பார். அது நூல் விடுகிறதா, சட்டென்று அறுந்துபோகிறதா என்று பார்ப்பார். பிறகு முகர்ந்து பார்ப்பார். அந்த நேரத்தில் மட்டும் பேசமாட்டார். வெள்ளைச் சட்டை, அதில் வலது கை மடிப்பில் மட்டும் அழுக்கு. மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருக்கும்.

கல்வராயன் மலை அருவிகளைப் பார்க்க வெளியூரிலிருந்து பையன்கள் பெரிய பெரிய சக்கரம் போட்ட ஜீப்புகளில் வருவார்கள். காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டிகள். ஒருதரம் அப்படி வந்தவர்கள் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, அதில் சொல்கிற கிரீஸ் வேண்டும் என்றார்கள். அண்ணன் வீடியோவைக் கடைசிவரை பார்த்தார்.

"நல்லாத்தான் சொல்றான். இவன் கல்வராயன் மலைய பாத்துக்கிறானா?"

பையன்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. இவன் சொல்றது சூட்டுக்கு. நீங்க போற எடத்துல ஓடையில வுட்டு ஏத்தணும். அடியில கீற ஜாயிண்ட்டு எல்லாம் தண்ணியில முழுகும். சூடு தாங்குறது வேற, தண்ணி தாங்குறது வேற."

சொல்லிவிட்டு ஒரு கரண்டிக் காம்பில் நீலத்தையும் இன்னொன்றில் மஞ்சளையும் தடவி, என் கடைக் குழாயடிக்குக் கொண்டுவந்து தண்ணீரைத் திறந்துவிட்டார். ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. ஒன்று அப்படியே நின்றது. பையன்கள் நின்றதை வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது கடை முன்னால் ஜீப்பை நிறுத்தி அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் குழாயடி இரண்டு நாள் வழுக்கியது. அதற்கு யாரும் போட்டோ எடுக்கவில்லை.

தெரியாது என்று சொல்லாததற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். கடை வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான் அது: காலையில் முதல் போணிக்கு வருகிறவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு முழுக்க இல்லைதான். நானும் சொல்லமாட்டேன். நூல் இல்லாவிட்டால் "சாயங்காலம் வாங்க" என்பேன். ஆனால் அண்ணன் அந்த வழக்கத்தை எங்கேயோ கொண்டுபோய்விட்டார். ஒருநாள் விடிந்ததும் ஒருவர் சைக்கிள் பெடல் கேட்டு வந்தார். ஜீப், டிராக்டர் சாமான் விற்கிற கடையில் சைக்கிள் பெடலுக்கு எங்கே போவது? அண்ணன் உள்ளே போனார், ஸ்பேனர் சத்தம் கேட்டது, பெடலோடு வந்து கொடுத்தார். சாயங்காலம் பார்த்தால் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

"இன்னாண்ணே இது?" என்றேன்.

"மொத போணி தங்கச்சி. எப்படி இல்லன்றது?"

"பெடல் இல்லன்னு சொல்றதுல இன்னா பாவம்?"

"பெடலு இல்லன்றதும், எனக்குத் தெரியாதுன்றதும் ஒண்ணுதான். வந்தவன் வெறுங்கையோட போறான் பாரு, அதான் பாவம்" என்றார். அன்றைக்கு எனக்கு அது பெரிய மனசாகத்தான் தெரிந்தது.

அவரிடம் வருகிறவர்களில் ஒருத்தர் கரியாலூர்ப் பக்கத்து ஜீப்காரர். மலையிலிருந்து ஆட்களையும் பலாப்பழம், கடுக்காய், மரவள்ளி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். திரும்பும்போது அரிசி, சிமெண்ட் என்று சாராயம் தவிர மற்ற எல்லாமும் ஏறும். சந்தை நாளன்று வேலை முடிந்ததும் நேராக அண்ணன் கடைக்குத்தான் வருவார். அவருடைய பழைய ஜீப்பில், பட்டைகள் மாட்டியிருக்கும் பின்களில் சின்னச் சின்ன முலை போல நிப்பிள் இருக்கும். பட்டை என்றால் சக்கரத்துக்கு மேலே இரும்புத் தகடுகளை அடுக்கி வளைத்திருப்பார்களே, பள்ளத்தில் விழும்போது ஏறி இறங்குமே, அது. வாரத்துக்கு வாரம் அந்த நிப்பிள்களில் கிரீஸ் அடிக்கிற கன்னை வைத்துப் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வருகிறவரை அடிக்க வேண்டும். அண்ணன் கறுப்பைக் கொடுப்பார். ஜீப்காரர் வேறு கடையில் கறுப்பு வாங்கிப் பார்த்ததே இல்லை.

இருவருக்கும் அப்படி ஒரு பழக்கம். ஜீப்காரர் அதிகம் பேசமாட்டார். கேட்பார். அண்ணன் சொல்வார். மாமனார் நிலத்தில் பங்கு கேட்கலாமா என்பதில் தொடங்கி மகனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பது வரை கேட்டிருக்கிறார். அந்த மகனுக்கு அண்ணன் சொன்ன பெயர்தான். டீக்கடையில் யாராவது அண்ணனைக் கிண்டல் செய்தால் ஜீப்காரர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

பழைய ஜீப் ஓய்ந்துபோனதும் செகண்ட் ஹாண்டில் கொஞ்சம் புது மாடலாக ஒன்று வாங்கினார். வாங்கிய கொஞ்ச நாளில் ஒருநாள் விடியக்காலையில் வந்து நின்றார். நான் அப்போதுதான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஷட்டரைத் தூக்கிவிட்டிருந்தார், சாமி படத்துக்கு இன்னும் கற்பூரம்கூடக் காட்டவில்லை.

"அண்ணே, இதுல நிப்பிளே இல்லண்ணே. பட்டை காதுல ரப்பர் புஷ்ஷு வெச்சிக்கிறான். மேட்டுல ஏறினா கீச்சு கீச்சுன்னு கத்திக்கினே வருது. வண்டியில குந்திக்கினு வர்றவன் எல்லாம் சிரிக்கிறான். இதுக்கு இன்னா கிரீஸு?"

அண்ணன் ஜீப்புக்குக் கீழே குனிந்து பார்த்தார். கையை விட்டு, பட்டையின் முனை வளையத்துக்குள் செருகியிருந்த அந்த ரப்பரைத் தடவினார். எழுந்து நின்றார். அவர் வாய் திறக்க அவ்வளவு நேரம் ஆகி நான் பார்த்ததில்லை. தெளித்துக்கொண்டிருந்த நானே நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவருக்கு அது பழக்கமில்லாத சாமான் என்று என் போன்றவளுக்கே புரிந்தது. ஜீப்காரருக்குப் புரியவில்லை. அவர் கவரை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செவப்பு வெய்யி" என்றார் அண்ணன். "நல்லா அழுத்தி உள்ள ஏத்து. அப்பப்ப வெச்சிக்கினே இரு."

சிவப்புதான் அவர் கடையிலேயே உசத்தி. தெரியாத இடத்துக்கு உசந்ததைக் கொடுத்தால் கெடுதல் வராது என்று நினைத்திருப்பார். வேறென்ன நினைத்திருக்க முடியும்? முதல் போணி. எதிரில் நிற்பவன் உயிருக்கு உயிரானவன். கரண்டி நிறைய வழித்துப் போட்டார்.

சத்தம் நின்றது. அடுத்த சந்தைக்கு ஜீப்காரர் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "பேச்சே இல்லண்ணே வண்டியில" என்றார். அண்ணன் பழத்தை அறுத்து ரோடு முழுக்கப் பங்கு வைத்தார். எனக்கும் கொடுத்தார். மலைப்பலா, தேன் மாதிரி இருந்தது.

அது ஆடி மாதம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம், கரியாலூருக்குக் கீழே ஒரு வளைவில் அந்த ஜீப் இழுத்துக்கொண்டுபோய் மலைப்பக்கச் சுவரில் மோதியது. பள்ளத்துப் பக்கம் இழுக்காமல் போனது சாமி புண்ணியம். உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு, ஒருத்தருக்குக் கை எலும்பு முறிந்தது. ஜீப்காரருக்குத்தான் முழங்கால் நசுங்கிப்போனது. அந்தக் கால் அதன் பிறகு மடங்கவே இல்லை.

வண்டியைப் பிரித்த மெக்கானிக் ஒருநாள் அண்ணன் கடைக்கு வேறு எதற்கோ வந்தவர், சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு ரப்பரை எடுத்து மேசையில் வைத்தார். குற்றம் சொல்லுவதற்காக வந்தவர் இல்லை. யார் கிரீஸ் கொடுத்தது என்பதே அவருக்குத் தெரியாது.

"பாருண்ணே கூத்த. ரப்பர் புஷ்ஷுக்கு எவனோ வண்டி கிரீஸ அப்பி வெச்சிக்கிறான். ரப்பருக்கு அது ஆவாது, ஊறிப் பூடும். ஒண்ணுமே வெக்கக் கூடாது, இல்லன்னா சிலிகான் கிரீஸுன்னு தனியா கீது, அத வெக்கணும். இது ஊறி நஞ்சிப்போயி, பின்னு இரும்பும் இரும்புமா தேஞ்சி, பட்டை காது அறுந்துகிச்சி. ஆக்சிலே நகந்து பூட்சி, வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிச்சி."

அண்ணன் அந்தத் துண்டை எடுத்து, கிரீஸைப் பார்ப்பாரே, அதே மாதிரி இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினார். டீயில் நனைந்த பிஸ்கட் மாதிரி அது அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

"நான்தான் குடுத்தன்" என்றார்.

"லோடும் ஜாஸ்திண்ணே. மரவள்ளி மூட்ட எல்லாம் ஏத்தி இருந்தான்" என்று மெக்கானிக் இழுத்தார். அதுவும் உண்மைதான். காரணம் ஒன்றா, பலவா என்பதைக் கடவுள்தான் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு ஒன்றே போதுமாக இருந்தது.

ஜீப்காரர் படுத்திருந்த ஆஸ்பத்திரி எங்கள் கடைகளிலிருந்து நடந்து போகிற தூரம். அண்ணன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சோடு திரும்பி வந்தார். "கூட்டமா கீது தங்கச்சி" என்றார். மறுநாளும் அதே. ஆரஞ்சு என் கடை மேசையில் கிடந்து சுருங்கியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் சீக்கிரம் வரும்.

"கூட்டமாவது ஒண்ணாவது. போயிப் பாருங்கண்ணே. அவரு உங்களத் தேடுவாரு."

"போயி இன்னா சொல்றது?"

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் சொல்லத் தெரிந்த மனிதர் என்னைப் பார்த்துக் கேட்கிறார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் சொல்ல வாணாம், சும்மா குந்திட்டு வாங்க" என்றுதான் சொன்னேன். அது சரியான பதில்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிற வித்தை அவருக்குத் தெரியாது. கடைசிவரை அவர் போகவே இல்லை. ஜீப்காரரை மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதன்பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. "எந்த கிரீஸுண்ணே?" என்று யாராவது கேட்டால், "தெரியாதுபா, மெக்கானிக்க கேட்டுக்கினு வா" என்பார். காலை முதல் போணிக்கு வந்தவரையும் அப்படித்தான் திருப்பி அனுப்பினார். நானே பார்த்தேன். பஸ் எப்போது என்று கேட்டால் தெரியாது. மழை வருமா என்றால் தெரியாது. ஒருநாள் அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று, "மெசின் மறுபடியும் சத்தம் போடுதுண்ணே, கிரீஸ் வெக்கலாமா?" என்று கேட்டேன். "எனக்கு இன்னாம்மா தெரியும் அதப் பத்தி" என்றார். நான் முன்பு கத்திய அதே வார்த்தை. அவர் அதை மனசில் வைத்துச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாளிகளை உள்ளே தள்ளிவிட்டார். மேலே ஆடை கட்டி, தூசி விழுந்து, பிறகு ஒருநாள் அவை காணாமல் போயின. மூடி போட்டு முத்திரை வைத்த டப்பாக்களும் ட்யூப்களும் வந்தன. வருகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். தலைக்கனம் பிடித்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். வியாபாரம் எதிர்க்கடைக்கு நகர்ந்தது. இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அண்ணன் மணலூர்பேட்டையில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்வி. அங்கே அவரிடம் யார் என்ன கேட்கிறார்களோ தெரியவில்லை. சரியாகவே சொல்ல வேண்டும் என்று யார் அவரைக் கேட்டார்கள்? நான்கு சொன்னால் ஒன்று தப்பாகிற மனிதரோடு நாங்கள் பழகிவிட்டிருந்தோம். அந்த ஒரு தப்பு இப்படி வந்து விழும் என்று யாருக்குத் தெரியும்?

அண்ணன் கடையைக் காலி பண்ணுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் ஜீப்காரர் வந்தார். விபத்துக்குப் பிறகு முதல் தரம். ஜீப்பைச் சரிசெய்து மச்சான் ஓட்டுகிறார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். மடங்காத காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து, கம்பை ஊன்றி இறங்கினார். நான் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"இன்னாண்ணே, நல்லா கீறியா?"

"வாபா" என்றார் அண்ணன். அவ்வளவுதான்.

"பட்டை எல்லாம் புதுசு போட்டாச்சு. புஷ்ஷும் புதுசு. இன்னா வெக்கலாம், சொல்லு."

"தெரியாதுபா. மெக்கானிக்க கேளு."

"மெக்கானிக்க கேக்குறதுக்கு நான் எதுக்கு மலையில இருந்து எறங்கி உன்னாண்ட வர்றன்?"

அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து மேசையில் வைத்தார். சிலிகான் கிரீஸ். மெக்கானிக் சொன்ன பிறகு வரவழைத்து ஒரு வரிசையே அடுக்கி வைத்திருந்தார். ஒருத்தருக்கும் இதை வாங்கு என்று எடுத்துச் சொன்னதில்லை. "அதுல எழுதிக்கிது. படிச்சிப் பாத்து வெய்யி" என்றார்.

ஜீப்காரர் ட்யூபைக் கையில் எடுத்துத் திருப்பினார். அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். பஸ் போர்டைக்கூட யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். அது அண்ணனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

"எனக்கு எங்கண்ணே படிக்கத் தெரியும்?" என்றார் மெதுவாக.

அண்ணன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ட்யூபை வாங்கினார். படித்தார். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, ரப்பர் பாகங்களுக்கு ஏற்றது என்பதிலிருந்து குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்பது வரை ஒன்று விடாமல் படித்தார். தன் வார்த்தை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. ஜீப்காரர் கம்பில் சாய்ந்துகொண்டு முழுக்கக் கேட்டார்.

"சரிண்ணே. அது ட்யூபு சொல்றது. நீ இன்னா சொல்ற?"

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வேண்டிக்கொண்டேன். வெய்யிபா என்று ஒரு வார்த்தை. சொல்லித் தொலைங்கண்ணே. இந்த முறை தப்பாகாது, மெக்கானிக் சொன்னதுதானே.

"அதுல போட்டுக்கிறதுதாம்பா" என்றார் அண்ணன்.

ஜீப்காரர் கம்பை மாற்றிப் பிடித்தார். "கால் போனதுக்கு நான் ஒருநாளும் உன்னச் சொன்னதில்லண்ணே. லோடு ஏத்துனவன் நானு. படுத்துக்கினு இருந்தப்ப வாசப் பக்கமே பாத்துக்கினு இருந்தன், நீ வருவன்னு. அது ஒண்ணுதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. ட்யூபை எடுத்துக்கொள்ளாமல் திரும்பி நடந்தார்.

ஏறுவதற்கு அவருக்கு நேரமானது. மச்சான் கைகொடுத்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார். அண்ணன் ட்யூபைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்துவிட்டார். வாய் ஒருதரம் திறந்தது, நான் பார்த்தேன். ஜீப் மலைப்பக்கம் திரும்பியது. கூப்பிட்டிருந்தால் நின்றிருக்கும். அவ்வளவு மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள்.